வால்வு ஆம்ப்ளிபையர்: வாங்குவதா, செய்வதா?

ரேடியோப் பெட்டி நடுக்கூடத்தில் கொலுவிருந்த காலம் ஒன்று உண்டு. குமிழைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. பெட்டியின் பின்புறத்துத் துளைகள் வழியே செந்நிறத்தில் ஒரு மங்கிய ஒளி தெரியும். "வால்வு சூடாகட்டும், பொறு" என்பார் வீட்டுப் பெரியவர். அரை நிமிடம் சென்ற பிறகே மெல்லிய முனகலோடு குரல் எழும். டிரான்சிஸ்டர் வந்தது, அந்தக் காத்திருப்பு போயிற்று.

ஆனால் வால்வு முற்றிலும் மறைந்துவிடவில்லை. கிட்டார் வாசிப்பவர்களும் இசைத்தட்டுப் பிரியர்களும் இன்றும் அதைத் தேடுகிறார்கள். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் அது இன்றும் உற்பத்தியாகிறது. மின்னணுவியலில் ஆர்வமுள்ள மாணவரும், ஓய்வு பெற்ற இசை அன்பரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்று வேண்டும், கடையில் வாங்குவதா, நாமே செய்வதா?

இது வெறும் காசுக் கணக்கு அன்று. அந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கிறது. யோசியாமல் இறங்கினால் பணம் போவதோடு உயிருக்கும் ஆபத்து உண்டு. ஆகவே வால்வு என்ன செய்கிறது, அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். முடிவு அதிலிருந்து தானே கிடைக்கும்.

மடையும் மடைப்பலகையும்

வால்வு என்பது காற்றை அகற்றி மூடிய கண்ணாடிக் குழல். அதன் நடுவே எதிர்மின்வாய் இருக்கிறது. இது பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றின் ஆக்சைடு பூசிய மெல்லிய நிக்கல் குழாய். உள்ளிருக்கும் இழை இதனை ஏறத்தாழ 700 முதல் 800 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்குகிறது. சூடு ஏறியதும் அதன் பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியே துள்ளுகின்றன. சுற்றிலும் உள்ள தகடு நேர்மின்வாய். அதற்கு உயர்ந்த நேர் மின்னழுத்தம் கொடுத்தால் அது எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. இவ்வாறு இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வை இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் 1904இல் உருவாக்கினார்.

1906இல் அமெரிக்கர் லீ டி பாரஸ்ட் இரண்டிற்கும் இடையே மெல்லிய கம்பியாலான மூன்றாவது மின்வாய் ஒன்றை வைத்தார். அதுவே கிரிட். இதன் வேலையை வாய்க்கால் பார்த்தவர்களுக்கு விளக்குவது எளிது. மடைப்பலகையை ஒரு விரற்கடை உயர்த்தினால் போதும், வயலுக்குப் பாயும் நீர் பெரிதும் மாறிவிடும். பலகையை அசைக்கும் கையின் வலு சிறிது. பாயும் நீரின் வலு பெரிது. கிரிட்டும் அப்படியே. ஒலிவாங்கியிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ வரும் நலிந்த மின் அலை கிரிட்டை அசைக்கிறது. தகட்டுக்குப் பாயும் எலெக்ட்ரான் ஓட்டம் அதே தாளத்தில் பெரிதாக ஏறி இறங்குகிறது. இதுதான் பெருக்கம்.

இ.எல். 84 என்ற ஐமின்வாய் வால்வை எடுத்துக்கொள்வோம். இதன் கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் தகட்டு மின்னோட்டம் சுமார் 11 மில்லி ஆம்பியர் மாறுகிறது. விரல் பருமனே உள்ள இந்த வால்வு 1950களில் தோன்றி உலகெங்கும் வீட்டு ரேடியோக்களிலும் ரேடியோகிராம்களிலும் இடம்பெற்றது. நம் நாட்டிலும் பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. பழைய பெட்டிகளில் அதன் முத்திரை கொண்ட வால்வுகளை இன்றும் காணலாம்.

அன்று ஏன் செய்தார்கள்?

பிரிட்டனின் டி. டி. என். வில்லியம்சன் 1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஓர் ஆம்ப்ளிபையரின் வரைபடத்தை வெளியிட்டார். 15 வாட் தந்தபோதும் அதன் திரிபு 0.1 விழுக்காட்டுக்குள் அடங்கியது. அந்நாளில் அது பெரிய சாதனை. பல நாடுகளில் அன்பர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத் தாமே ஆம்ப்ளிபையர் செய்தார்கள். 1954இல் முல்லார்டு நிறுவனம் இரண்டு இ.எல். 84 வால்வுகளைக் கொண்டு 10 வாட் தரும் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. மொத்தம் ஐந்தே வால்வுகள். ஆகவே அதற்கு 'ஐந்து-பத்து' என்று பெயர் வந்தது. 1959இல் அமெரிக்காவில் டைனக்கோ நிறுவனம் 'ஸ்டீரியோ 70' என்பதை உதிரிப் பாகங்களாகவே பெட்டியில் வைத்து விற்றது. அதன் முன்பகுதிச் சுற்று தயாராகவே வந்ததால் பழக்கமில்லாதவர்களும் சில மணி நேரத்தில் பூட்டி முடித்தார்கள்.

அன்று இவ்வளவு பேர் தாமே செய்ததற்கு முக்கியமான காரணம் விலை. கடையில் முடித்து விற்கும் நல்ல ஆம்ப்ளிபையர் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. வால்வோ தெருக்கோடிக் கடையில் கிடைத்தது. கை உழைப்பைத் தாமே போட்டால் பாதிப் பணம் மிச்சம்.

இன்று நிலைமை தலைகீழ். வால்வும், அதற்கான மின்மாற்றியும் குறைந்த அளவில் செய்யப்படும் தனிப்பொருள்கள். 2022இல் ரஷ்ய வால்வுகளின் வரத்து தடைப்பட்டபோது இசைக்கலைஞர்கள் பலர் மாற்று வால்வு தேடி அலைந்தார்கள். தொழிற்சாலை மொத்தமாக வாங்குகிறது. நீங்கள் ஒன்றிரண்டாக வாங்குகிறீர்கள். ஆகவே, செய்தால் மலிவு என்ற பழைய கணக்கு இன்று பெரும்பாலும் பலிக்காது. பணம் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்ய நினைத்தால் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

வால்வின் ஓசை: உண்மை எவ்வளவு?

வால்வின் ஓசை இதமானது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த ஆம்ப்ளிபையரும் உள்ளே வந்த அலையை அச்சாக அப்படியே வெளியே தருவதில்லை. சிறிது திரிபு சேர்கிறது. திரிபு என்பது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் சேர்வதுதான். 240 ஹெர்ட்ஸ் அதிர்வை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மேற்சுரம் 480 ஹெர்ட்ஸ். அது மேல் ஸ்தாயி 'ச'. மூன்றாவது 720, அது மேல் ஸ்தாயி 'ப'. ஏழாவது 1,680, இது நம் ஸ்வரங்களோடு சரியாகப் பொருந்தாது. ஒற்றை வால்வில் இயங்கும் எளிய ஆம்ப்ளிபையர் பெரும்பாலும் இரண்டாவதையே சேர்க்கிறது. ச-வுடன் மேல் ச சேர்ந்தால் காது அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஒலி சற்றுச் செழித்ததாகவே உணர்கிறது. தம்புராவின் நாதம் நிறைந்திருப்பதும் அதன் மேற்சுரங்களால்தான்.

ஆயினும் தம்புராவில் அது இசையின் பகுதி. ஆம்ப்ளிபையரில் அது மூலத்தில் இல்லாத சேர்க்கை. அளவிட்டுப் பார்த்தால் இன்றைய நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையரின் திரிபு 0.01 விழுக்காட்டுக்கும் கீழே நிற்கிறது. உண்மைக்கு நெருங்கிய ஒலி எது என்று கேட்டால் விடை டிரான்சிஸ்டரே. இதமான ஒலி எது என்பது அவரவர் காதைப் பொறுத்தது. வில்லியம்சன் போன்றவர்கள் தங்கள் வால்வுகளின் ஓசை வெளியே கேட்கவே கூடாது என்பதற்காகத்தான் பாடுபட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே செலவழிப்பதற்கு முன் வால்வு ஆம்ப்ளிபையர் வைத்திருக்கும் ஒருவர் வீட்டில், உங்களுக்கு நன்கு பழகிய பாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் அமர்ந்து கேளுங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய செலவு ஒன்று தப்பியது என்று மகிழலாம்.

எத்தனை வாட் வேண்டும்?

இனி ஒரு கணக்கு. ஒரே ஓர் இ.எல். 84 வால்வை இறுதிக் கட்டத்தில் வைத்துச் செய்த எளிய ஆம்ப்ளிபையரை எடுத்துக்கொள்வோம். உற்பத்தியாளரின் தகவல் ஏட்டின்படி தகட்டில் 250 வோல்ட், தகட்டு மின்னோட்டம் 48 மில்லி ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 12 வாட். அந்த வால்வின் தகடு தாங்கும் எல்லையும் அதே 12 வாட்தான். கிடைக்கும் ஒலித்திறன் 5.7 வாட், ஆனால் அந்த நிலையில் திரிபு 10 விழுக்காடு. காதுக்கு நன்றாக இருக்கும் எல்லை 4 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

நாலே வாட்டா என்று திகைக்க வேண்டாம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கருக்கு 4 வாட் கொடுத்தால் 94 டெசிபெல் கிடைக்கும். வீட்டு அறையில் பாட்டுக் கேட்க இது போதும். அதே நேரத்தில், ஒரு வாட்டுக்கு 94 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் இருந்தால் அதே ஒலிக்கு ஒரு வாட்டே போதும். ஸ்பீக்கரில் கூடும் 6 டெசிபெல், ஆம்ப்ளிபையரின் திறனை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். எனவே வாங்கினாலும் செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது உங்களிடம் உள்ள ஸ்பீக்கரை. அது மந்தமான ஸ்பீக்கராக இருந்து, கூடமும் பெரிதாக இருந்தால் ஒற்றை வால்வு உங்களுக்கு ஏற்றதன்று. இரண்டு வால்வுகள் எதிரெதிராக இழுத்துத் தள்ளும் வகையே வேண்டும்.

மின்சாரச் செலவையும் பார்த்துவிடுவோம். இரண்டு பக்கமும் ஒலிக்கும் ஸ்டீரியோ அமைப்பில் இரண்டு இ.எல். 84 வால்வுகளும், முன்பெருக்கத்துக்கு ஓர் இ.சி.சி. 83 வால்வும் வேண்டும். இழைகளுக்கு 6.3 வோல்ட்டில் 1.82 ஆம்பியர், அதாவது 11.5 வாட். உயர் மின்னழுத்தப் பக்கம் 270 வோல்ட்டில் 110 மில்லி ஆம்பியர். அதாவது ஏறத்தாழ 30 வாட். மின்மாற்றியின் இழப்பையும் சேர்த்தால் 50 வாட் வரும். ஒரு பழைய கூரை மின்விசிறி இழுப்பது 75 வாட் என்பதால் இது பெரிய செலவன்று. ஆனால் இதில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. குழந்தைகளின் கைக்கு எட்டும்படியும் வைக்கக் கூடாது.

செலவின் நடுநாயகம்: மின்மாற்றி

வால்வு ஆம்ப்ளிபையரில் விலை உயர்ந்த பொருள் வால்வு என்றே பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது மின்மாற்றிதான். கடையில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் என்று கேட்க வேண்டும். அது எதற்கு?

ஒற்றை இ.எல். 84 வால்வு நன்றாக வேலை செய்ய அதன் எதிரே 5,200 ஓம் சுமை இருக்க வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் இணைத்துவைக்கும் தரகர்தான் இந்த மின்மாற்றி. 5,200ஐ 8ஆல் வகுத்தால் 650. சுமைகளின் விகிதம் சுற்றுகளின் விகிதத்தின் வர்க்கம் என்பது நீங்கள் பாடத்தில் படித்ததே. 650இன் வர்க்கமூலம் 25.5. ஆக, முதன்மைச் சுருளில் 25.5 சுற்றுக்குத் துணைச்சுருளில் ஒரு சுற்று.

கணக்கு இவ்வளவு எளிதென்றால் விலை ஏன் கூடுகிறது? தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு மிகுந்த மின்தூண்டல் வேண்டும். 30 ஹெர்ட்ஸில் முதன்மைச் சுருளின் தடை 5,200 ஓமாக நிற்க 28 ஹென்றி தேவை. இதற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகளும் கனத்த இரும்பு உள்ளகமும் வேண்டும். அது குறைந்தால் மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலியத் தொடங்கும். அத்தோடு 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் அதே சுருளில் எப்போதும் ஓடி, உள்ளகத்தைப் பாதி நிறைத்துவிடுகிறது. அது முற்றிலும் நிறைந்துபோகாமல் இருக்க உள்ளகத் தகடுகளுக்கு இடையே தாள் வைத்துச் சிறு இடைவெளி விடுகிறார்கள். இடைவெளி விட்டால் மின்தூண்டல் குறையும். அதை ஈடுகட்ட உள்ளகத்தை மேலும் பெரிதாக்க வேண்டும். மறுபுறம், உச்ச சுருதி ஒலிகள் குன்றாமல் இருக்க முதன்மைச் சுருளையும் துணைச்சுருளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும்.

மின்வழங்கிக்கான மின்மாற்றியை உங்கள் ஊரில் காயில் கட்டுபவரே சுற்றித் தந்துவிடலாம். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அப்படியன்று. அந்த வேலை தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும், அல்லது தயாராக வாங்க வேண்டும். மின்தடை, மின்தேக்கி, வயர், சுவிட்சு இவையெல்லாம் சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் எளிதில் கிடைக்கும். ஆகவே செய்வதென்று தீர்மானித்தால் முதலில் மின்மாற்றியின் விலையைக் கேட்டுவிட்டு, பிறகு மற்ற பட்டியலைப் போடுங்கள்.

வாங்குவதானால்

புதிது வாங்குகிறவர்கள் முதலில் ஆம்ப்ளிபையரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உண்மையான வால்வு ஆம்ப்ளிபையர் கனமாக இருக்கும். ஸ்டீரியோ என்றால் பொதுவாக மூன்று மின்மாற்றிகள்: மின்வழங்கிக்கு ஒன்று, ஒலிக்கு இரண்டு. மலிவாக விற்கும் சில பெட்டிகளில் இரண்டு சிறு வால்வுகள் மேலே எழிலாக ஒளிரும். உள்ளே ஒலியைப் பெருக்குவது ஒரு சிறு குறைக்கடத்திச் சில்லுதான். சிலவற்றில் அந்த ஒளியே வால்வின் அடியில் வைத்த சிறு விளக்கிலிருந்து வருகிறது. ஒரே கையில் எளிதாகத் தூக்க முடிந்தால் சந்தேகப்படுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் பின்தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது ஆகாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வைத்தாலும் அலைவெண் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று சிக்கனமாகச் செய்த மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் 20 விழுக்காடு கூடுதல் காந்தப் பெருக்கைத் தாங்க வேண்டிவரும், மிகையாகச் சூடாகும். கனத்த பெட்டி என்பதால் கப்பல் கூலியும் சுங்கவரியும் சேரும். பழுதானால் திருப்பி அனுப்புவதும் எளிதன்று.

பழையதை வாங்குவதானால் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, வால்வின் கண்ணாடி. உட்புறம் வெள்ளி பூசியது போன்ற ஒரு திட்டு இருக்கும். மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சுவதற்காகப் படியவைத்த பேரியம் அது. அந்தத் திட்டு பால்போல் வெளுத்திருந்தால் வால்வுக்குள் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அது இனி வேலை செய்யாது. இரண்டாவது, மின்தேக்கிகள். கடைக்காரர் இவற்றைக் கண்டென்சர் என்பார். பல பத்தாண்டுகளில் இவை உலர்ந்தும் கசிந்தும் போயிருக்கும். கட்டங்களை இணைக்கும் மின்தேக்கி கசிந்தால் கிரிட்டுக்கு நேர் மின்னழுத்தம் ஏறி, தகடே செக்கச்சிவந்து வால்வு அழியும். ஆகவே மின்தேக்கிகளை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்த பழைய ரேடியோ செட்டுகள். இவற்றில் மின்வழங்கி மின்மாற்றியே கிடையாது; உள்ளிருக்கும் உலோகச் சேசிஸ் நேராக வீட்டு மின்கம்பியோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட். இவற்றைப் பிரித்து ஆம்ப்ளிபையராக்கும் வேலையில் புதியவர்கள் இறங்கவே கூடாது.

எதை வாங்கினாலும், பழுது பார்ப்பவர் யார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இறுதிக் கட்ட வால்வு சில ஆயிரம் மணி நேரமே உழைக்கும். அதை 3,000 மணி என்று கொண்டால், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு நான்கு ஆண்டுகளில் புது வால்வு வேண்டும்.

செய்வதானால்

இனி ஆபத்தைப் பற்றிப் பேசுவோம். பல ஆண்டுகளுக்கு முன், நான் பாதி முடித்து வைத்திருந்த ஓர் ஆம்ப்ளிபையரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மின்சாரம் இல்லை என்ற தைரியத்தில் சேசிஸைப் புரட்டி உள்ளே கை வைத்தேன். மறுகணம் சுவரில் மோதிக் கிடந்தேன். பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் நிறைந்திருக்கும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை.

350 வோல்ட்டுக்கு ஏற்றிய 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 6 ஜூலுக்கு மேல் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். அதை வடித்துவிட வழி செய்யாவிட்டால் நெடுநேரம் அப்படியே இருக்கும். வழி எளிது. மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். அந்த மின்னழுத்தத்தைத் தாங்கக்கூடிய மின்தடைதானா என்று பார்த்து வாங்குங்கள். தடையையும் மின்தேக்குதிறனையும் பெருக்கினால் 22 விநாடி. அதன் ஐந்து மடங்கான இரண்டு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் ஏறக்குறைய வடிந்துவிடும். அப்போதும் மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அந்த மின்தடையின் பற்றே விட்டுப்போயிருக்கலாம்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. வீட்டில் கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, அது காப்பாற்றும் என்பார்கள். காப்பாற்றாது. உயர் மின்னழுத்தம் மின்மாற்றியின் மறுபக்கத்தில் பிறக்கிறது; அங்கு உங்கள் உடல் வழியே ஓடும் மின்னோட்டம் சுவரில் உள்ள கருவிக்குத் தெரியாது. ஆகவே இந்த விதிகளை மீறாதீர்கள்: மின்சாரம் இருக்கும்போது அளப்பதானால் மீட்டரின் எதிர்முனையைச் சேசிஸில் கவ்வியால் மாட்டிவிட்டு, ஒரே கையால் அளக்க வேண்டும், மற்றொரு கை சட்டைப் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கட்டும். வெறுங்காலோடும் ஈரத்தரையிலும் நிற்கக் கூடாது. சேசிஸை மூன்று முள் பிளக்கின் எர்த் கம்பியோடு உறுதியாக இணைக்க வேண்டும். வீட்டில் விவரம் தெரிந்த இன்னொருவர் உடனிருக்க வேண்டும். மாணவர்கள் ஆசிரியரோ அனுபவம் உள்ளவரோ பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். 60 வாட் பல்பு ஒன்றை ஆம்ப்ளிபையரோடு தொடராக இணைப்பதே சீரிஸ் போர்டு. இதற்குப் பழைய இழை பல்புதான் வேண்டும், எல்.இ.டி. பல்பு உதவாது. உள்ளே எங்கேனும் குறுக்கு மின்சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியோடு எரிந்து எச்சரிக்கும், ஆம்ப்ளிபையர் பிழைக்கும். வால்வுகளைச் செருகாமல் இழை மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பிறகு ஸ்பீக்கரை இணைத்துவிட்டு வால்வுகளைச் செருகுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் எழும் மிகை மின்னழுத்தம் அதன் காப்பைத் துளைத்துவிடக் கூடும்.

பல்பு மங்கியே எரிந்தால் சீரிஸ் போர்டை நீக்கிவிட்டு நேராக மின்சாரம் கொடுத்து, எதிர்மின்வாயில் உள்ள 135 ஓம் மின்தடையின் குறுக்கே அளந்து பாருங்கள். அதன் வழியே தகட்டின் 48 மில்லி ஆம்பியரும் திரைக் கிரிட்டின் 5.5 மில்லி ஆம்பியரும் சேர்ந்து ஓடுகின்றன. 53.5ஐ 135ஆல் பெருக்கினால் 7.2 வோல்ட் வர வேண்டும். மீட்டர் 10 வோல்ட் காட்டினால் 74 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள். ஓம் விதியைத் தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதியிருப்பீர்கள். அந்த விதி ஒரு வால்வின் உயிரைக் காப்பதை இங்கே கண்ணால் காணலாம்.

முடிவு உங்கள் கையில்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக்கொள்வோம்.

நல்ல பாட்டு வேண்டும், அவ்வளவுதான் என்பவர்கள் வால்வை நாடவே வேண்டாம். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். கிடைக்கும் பலன் அதில்தான் அதிகம்.

வால்வின் ஓசை காதுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பற்றவைக்கும் வேலையில் நாட்டமோ நேரமோ இல்லை என்பவர்கள் வாங்குங்கள். பெட்டியின் எடையையும், பின்தகட்டையும், பழுது பார்ப்பவரையும் பார்த்து வாங்குங்கள்.

எலெக்ட்ரான் ஓட்டத்தைக் கையாண்டு பார்க்க வேண்டும், ஏன் எப்படி என்று அறிய வேண்டும் என்பவர்கள் செய்யுங்கள். ஆனால் படிப்படியாகப் போங்கள். முதலில் 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் ஒன்றைச் செய்து, ஈயம் பற்றவைக்கவும் மீட்டர் பிடிக்கவும் கை பழகட்டும். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் மின்னழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அளந்து சரிபாருங்கள். அது தடங்கலின்றி வந்துவிட்டால், வால்வில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் செய்யுங்கள். பலர் செய்து தேர்ந்த வரைபடத்தையோ, உதிரிப் பாகங்களாக விற்கும் முழுத் தொகுப்பையோ எடுத்துக்கொள்வது நல்லது. ஓர் அவுட்புட் டிரான்ஸ்பார்மரோடு செலவு நின்றுவிடும். முல்லார்டின் ஐந்து-பத்தும் ஒரு பக்கம் மட்டும் ஒலித்ததுதான். அது திருப்தியாக அமைந்தால் மறுபக்கத்தைப் பிறகு செய்துகொள்ளலாம்.

வேலை முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். சுற்றின் வரைபடத்தையும், நீங்கள் அளந்த மின்னழுத்தங்களையும், தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பழைய ரேடியோக்கள் பலவற்றில் அத்தகைய தாள் இருக்கும். இருபது ஆண்டு கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவருக்கு, முதலில் எங்கே கை வைக்கக் கூடாது என்பதை அந்தத் தாள் சொல்லும்.